பிலோமினா அக்காவின் எக்ஸ்ரே படங்கள்

பிலோமினா அக்காவின் தம்பி வாசலில் வந்து நின்றபோது, மாடியறைச் சாவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா நினைத்தாள். அவர், "அக்கா போயிட்டாங்க" என்றார். மஞ்சள் காமாலை. பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை நேராகச் சிங்காரப்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

ஓசூரிலிருந்து அக்காவோடு தினமும் பஸ்ஸில் போன ஆராய்ச்சி நிலையத்து நண்பர்களே, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் மாடியறையில் குடியிருந்தவர் அக்கா. பூமிக்கு வெளியே சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த படங்களைக் கொண்டுவந்து, துணி காயப்போடுவதுபோல் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். ஒருநாள் அம்மா ஒன்றை உற்றுப் பார்த்தாள். "யாரு நெஞ்சும்மா இது? இவ்ளோ சளி கட்டியிருக்கு?"

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சில்லீங்கக்கா. நம்ம பால்வெளி மாதிரி எத்தனையோ கூட்டமா இருக்கற இடம். நீங்க சளின்னு சொன்னது நடுவுல கொதிக்கிற வாயு."

"பொழச்சுக்குமா?" என்றாள் அம்மா, விடாமல்.

இன்னொரு மாலை, அதே இடத்தைச் சாதாரணத் தொலைநோக்கி எடுத்த படத்தை அக்கா எனக்குக் காட்டினார். அங்கங்கே வெளிச்சப் புள்ளிகள், இடையில் வெறும் இருட்டு. பக்கத்தில் எக்ஸ்ரே படத்தை வைத்தார். இருட்டாக இருந்த இடமெல்லாம் புகைபோல ஏதோ நிறைந்திருந்தது. "காலின்னு நெனச்ச எடத்துலதான் அதிகமா இருக்குது, பாரு." அன்றிலிருந்து இருட்டு மூலை எதையும் நான் நேராகப் பார்ப்பதில்லை.

அந்தப் படங்கள்தான் அக்காவைக் கொன்றன என்று தெருவே சொல்கிறது. "எங்க கம்பெனியில வெல்டிங்குக்கு எக்ஸ்ரே புடிக்கறப்போ ஷெட்டயே காலி பண்ணுவாங்க. அத வீட்டுல தொங்கவிட்டா?" என்கிறார் அப்பா. விடிந்ததும் எல்லாவற்றையும் கொல்லையில் எரிக்கப் போகிறார். அக்காவின் தம்பியும் தலையாட்டிவிட்டார்.

ஆனால் அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்: "வானத்து எக்ஸ்ரே நம்ம காத்தத் தாண்டிக் கீழ வராது. அதனாலதான் தொலைநோக்கிய மேல அனுப்பறாங்க. இது வெறும் அச்சு மைதான்டி, பயந்தாங்கொள்ளி." அதை அப்பாவிடம் சொன்னேன். "அவளே போயிட்டா. அவ பேச்ச நம்பறியா?" என்றார்.

பொழுது சாயும்போது படங்களை எடுக்க மாடிக்குப் போனேன். அம்மா வைத்த விளக்கும் சொம்புத் தண்ணீரும் இருந்தன. ஜன்னல் மூடியிருந்தது. படங்கள் எல்லாம் அசையாமல் தொங்கின. கொடியின் ஓரத்தில் ஒரே ஒரு வெறும் கிளிப் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதுவரை எதையும் தொடவில்லை.

படங்கள் இப்போது என் பாய்க்கு அடியில் இருக்கின்றன. அப்பா எழுவதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, உங்களில் யாரிடமாவது இந்தத் தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். பிறகு அடி விழட்டும்.

எனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. "பாரு" என்று அக்கா சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். மாடியறை காலி என்கிறார்கள். திரும்பி வந்ததும் கதவைத் திறந்து, அந்தக் கொடியிருக்கும் மூலையை நேராகப் பார்ப்பேன்.