ஜீப்பை ஓரங்கட்டிய ஏழுமலை

ஏழுமலை இறந்துவிட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடத் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்திருக்கிறது. கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகுதான் என்று மகள் சொன்னாள். அவரோடு வேலை பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

கரியாலூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு நான் நர்ஸ். அவர் எங்கள் சுகாதாரத் துறை ஜீப்பின் டிரைவர், மணலூர்பேட்டைக்காரர். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. அவருடைய சாதியார்தான் போராடினார்கள். சாலை மறியல் அறிவித்திருந்த ஒரு வாரம் கள்ளக்குறிச்சியைச் சுற்றிச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மலையிலோ ஒரு கிராமத்தில் தட்டம்மை பரவி, ஒரு குழந்தையைப் பறிகொடுத்திருந்தார்கள். தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். அன்றைய மறியல் தொடங்குவதற்குள் மலை ஏறிவிடலாம் என்றுதான் அவர் வண்டியை எடுத்தார்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நல்லவர்கள். ஆஸ்பத்திரி வண்டி என்றதும் எழுந்து, ஓரமாக இருந்த இடைவெளியைக் காட்டிப் போகச் சொன்னார்கள். ஏழுமலை போகவில்லை. வண்டியை ஓரங்கட்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

“மறியல் நேரத்துல வண்டி ஓட்ட மாட்டேன்னு நேத்து எங்க ஆளுங்க கூட்டத்துல கை தூக்கிட்டேங்க, நர்சம்மா” என்றார்.

அவர்களே வழி விடுகிறார்களே என்றேன். அவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். தனக்கு ஒரு நியாயம், லாரிக்காரனுக்கு ஒரு நியாயமா என்று அவர்களையே திருப்பிக் கேட்டார். பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, “மருந்து வரும்னு மலையில சொல்லி அனுப்பியிருக்கோம். நடங்க, போலாம்” என்றார்.

நடந்தோம். ஒற்றையடிப் பாதையில், வழி நெடுக நான் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். அவர் நிழல் கண்ட இடத்தில் பெட்டியை இறக்கி, ஈரத்துணி போர்த்தி, மறுபடி தூக்கினார். வெயில் சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்டியில் இன்னும் ஐஸ் இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டேன். அதன்பின் அந்த ஊரில் எந்தக் குழந்தையும் சாகவில்லை.

அரசு வண்டியை நடுவழியில் விட்டுப் போனதற்கு விசாரணை வந்தது. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று, சாலை முழுக்க அடைபட்டிருந்தது, வண்டி போக வழியே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். இந்த மனிதர் அங்கே போய், “ஓரமா வழி இருந்துச்சுங்க. நான்தான் ஓட்டல” என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு சஸ்பென்ஷன். பொய் எழுதிக் கொடுத்ததற்காக எனக்கு மெமோ.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் வருவதை நிறுத்தவில்லை. சஸ்பென்ஷனில் இருந்த நாளெல்லாம், புதன்கிழமை தோறும் சைக்கிளில் வந்து, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மலை பஸ்ஸில் என் காலடியில் வைத்துவிட்டு இறங்குவார். அது அவர் வேலையே இல்லை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். “உங்களுக்காகத்தானே எழுதிக் கொடுத்தேன்? ஏன் என்னை மாட்டிவிட்டீங்க?”

அவர் பெட்டியின் வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னார். “தப்புதாங்க. உங்களுக்கு மெமோ வரும்னு யோசிக்கல. ஆனா அன்னிக்கு நான் ஆமான்னு சொல்லியிருந்தா, சாவற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தப் பொய்யக் காப்பாத்திக்கினே இருக்கணும். உங்களுக்கு இன்னாத்துக்கு அந்தத் தொல்ல?”

அதைக் கேட்டும் எனக்குக் கோபம் போகவில்லை.

விசுவாசம் என்றால் ஏதாவது ஒரு பக்கம் நிற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்குத் தம் ஆட்கள், மலைப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், நான் என்று பல பக்கங்கள் இருந்தன. ஒருவரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். எல்லாருக்கும் சொன்னதைச் செய்யப் போய் எல்லாரிடமும் திட்டு வாங்குவார். அவரோடு இருபது ஆண்டுகள் வேலை பார்ப்பது லேசாக இருக்கவில்லை.

இப்போது யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் “வருகிறேன்” என்று சட்டென வாயில் வருவதில்லை. யோசிக்கிறேன். சொல்லிவிட்டால், முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போகவேண்டியிருக்கிறது. அவர் என்னிடம் விட்டுப்போனது இந்த உபத்திரவத்தைத்தான். வைத்துக்கொண்டிருக்கிறேன்.