ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டிய பெயிண்ட்

அந்தக் காரை நான் பல வருடம் சக்களத்தி என்றுதான் கூப்பிட்டேன், அதன் முகத்துக்கு நேராகவே. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் அதைக் கழுவித் துடைத்து, பானெட்டைத் திறந்து நலம் விசாரித்த பிறகுதான் தன் பல்லைத் தேய்க்கவே போவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மகாபலிபுரத்துல பழைய வண்டிக்காரங்க கூடுறாங்க இல்ல, இந்த வாட்டி எடுத்துகினு போயி, புடிச்சவங்க யாருக்காச்சும் குடுத்துட்டு வந்துடலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்ததில் அவருடைய இடது தோளில் நரம்பு அடிபட்டுவிட்டது. அந்தக் கை டம்ளரைப் பிடிக்கும், தூக்காது. எங்கள் கார் அந்தக் காலத்துச் சின்ன கார். வட்டமாக இரண்டு விளக்கு, முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட். கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங் தண்டிலிருந்து இடது பக்கமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேலும் கீழும் தள்ள நல்ல இடது கை வேண்டும். டாக்டர், ஓட்டவே கூடாது என்றெல்லாம் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாமி'லேயே மனுஷன் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், நாற்காலியில் சாய்வார். கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

அவர் ஏன் இந்த வகைக் காரையே தேடிப் பிடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சரப்பாக்கத்துப் பக்கம் அவருடைய அப்பா கூலிக்குப் போன நிலத்துக்காரர் வீட்டில் இதே மாதிரி ஒன்று நின்றதாம். பள்ளிக்கூட லீவில் இவருக்கு அதைத் துடைக்கிற வேலை கிடைத்தது. அதில் உட்காருகிற வேலை கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் சம்பளக்காரர்கள் ஆகி, செங்கல்பட்டில் வீடு பார்த்து வந்த பிறகு, கூட வேலை செய்தவர்கள் எல்லாம் புதுக் கார் வாங்கினார்கள். இவர் பழைய இரும்புக்குப் போகவிருந்த இதைக் கட்டி இழுத்து வந்தார். ஆகவே, இதைக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னால் அது கார் விற்கிற பேச்சு இல்லை. 'எனக்கு இனிமேல் அவ்வளவுதான்' என்கிற பேச்சு. அது புரிந்ததால்தான் பயந்தேன். கார் போனால் இந்த மனுஷனை அந்த நாற்காலியிலிருந்து கிளப்ப என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"ஆள் வெச்சுக்கலாம்."

"ஆளா? நான் எதுக்கு கீறேன்? நானே ஓட்டுறேன்" என்றேன். என் லைசென்ஸ் பீரோவில் புடவைக்கு அடியில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு ஒரு கார் என்ன என்று நினைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முதல் ஒரு வாரம் கியர் கம்பியைத் திட்டியே ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கம்பிய அடிக்காத, கேளு, அது சொல்லும்" என்பார். என்னிடம் ஒரு நாளும் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. அதற்காகவே இரண்டு முறை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்.

விற்கப் போகிற வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? ஒரு மாதம் அவர் பானெட்டுக்கு உள்ளே பெயிண்ட் அடித்தார். ஒற்றைக் கையால் வயர்களை அவிழ்த்து, உப்புத்தாள் தேய்த்து, பாடியின் கிரீம் நிறத்தையே உள்ளேயும் மூன்று பூச்சு. ஒரு போல்ட்டைக்கூட விடவில்லை. எஞ்சினைச் சுற்றிப் பார்த்தால் பால் ஊற்றிக் கழுவின மாதிரி இருந்தது. எனக்கே கண் பட்டுவிடுமோ என்றிருந்தது.

அந்தப் பழைய வண்டிக்காரர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிகளை லாரியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களை ஒழிக்க அவர்களாக வைத்துக்கொண்டது. மைதானத்து வாசலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். எல்லோரும் பார்க்க மறுபடி ஸ்டார்ட் செய்து, வண்டிக்குச் சொந்தக்காரரே உள்ளே ஓட்டி வர வேண்டும். முன்பெல்லாம் எங்கள் வண்டி நுழையும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை ஊர்வலம்தான். இந்த முறை, "நீ ஓட்டுனா போதும், என் கையப் பத்தித்தான் அவங்களுக்குத் தெரியுமே" என்றார்.

ஞாயிறு காலை, சர்ச்சுக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினோம். முதல் சாவிக்கு வண்டி முனகியது. இரண்டாவதுக்கும் முனகியது. மூன்றாவதுக்கு வேண்டா வெறுப்பாக எழுந்தது. "குளுரு" என்றார் அவர். செங்கல்பட்டில் குளிராம்! திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நேராக மாமல்லபுரம் போயிருக்கலாம். நான்தான் புதுப்பட்டினம் போய், கடலோர ரோட்டைப் பிடித்து வடக்கே போகலாம் என்றேன். அந்த ரோடு நீளமாக, நேராகப் போகும். கியர் மாற்றுகிற வேலை கம்மி. ஜன்னல் வழியாக ஏரித் தண்ணீர் காற்று வந்தது. எதிரில் வந்த பஸ் டிரைவர் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினார். என் வீட்டுக்காரரும் வலது கையைத் தூக்கினார். உடனே இறக்கிக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

புதுப்பட்டினத்தில் நாஸ்தாவுக்கு நிறுத்தினேன். இட்லி, வடகறி, டீ. திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. நாலைந்து முறை திருப்பிப் பார்த்துவிட்டு, எஞ்சின் குளிர்ந்திருக்குமோ என்று, எஞ்சினுக்குப் போகிற கம்பியின் நுனியில் இருக்கிற சோக்குக் குமிழைப் பிடித்து இழுத்தேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி விரல் சுட்டுவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சுற்றி நின்றவர்கள் தள்ளிவிடுகிறோம் என்றார்கள். தள்ளினால் கிளம்பிவிடும், ஆனால் அந்த வாசலில் நிறுத்திவிட்டு எப்படி மறுபடி எழுப்புவது? அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வுடு, வூட்டுக்கே போயிடலாம். இத வாங்க எவன் வரப்போறான்" என்றார். அந்தக் குரலை இரண்டு வருடமாகக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. "வாய மூடிகினு நில்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

டீக்கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒருவர் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடலுக்கும் போகிறவர், மோட்டாரும் பார்க்கிறவர். நான் கத்தியதைக் கேட்டுத்தான் எழுந்து வந்தார் போல. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்த, கல்யாண மண்டபம் கணக்கா வெச்சிகீற? பெயிண்ட் யாரு அடிச்சது?"

"நான்தான்."

"சோக்கு சுட்டுச்சாக்கா?"

நான் விரலைக் காட்டினேன்.

"அப்போ வேற ஒண்ணும் இல்ல. எர்த்து இல்ல." எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற பட்டை வயர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "கரண்ட்டு போனா மட்டும் பத்தாது, திரும்பி வரவும் வழி வோணும். இது இரும்பத் தொடணும். நீ இரும்பு மேல மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சி, அதுக்கு மேல முடுக்கிகீற. வழி இல்லாம கரண்ட்டு சோக்குக் கம்பி வழியா ஓடுது. அதான் சுடுது. ஒரு ரூபா அகலத்துக்குச் சுரண்டுனா போதும்."

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வண்டியைக் கெடுத்தது உப்புக் காற்று இல்லை, வயசு இல்லை, இவருடைய அழகுணர்ச்சி. "ஒரு மாசம் அடிச்சேன் தம்பி, வேற வழி இல்லியா?" என்று கெஞ்சினார்.

"அழகா நிக்கணும்னா வுட்டுடு. ஓடணும்னா சுரண்டு" என்று சுரண்டுகிற கத்தியை அவரிடமே நீட்டினார். "உன் வண்டி. நான் சுரண்டுனா நாளைக்கி என்னியத் திட்டுவ."

அவர் கத்தியை வாங்கி அப்படியே நின்றார். பிறகு குனிந்தார். வலது கையால் சுரண்ட, அசைகிற வயரைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. நான் பிடிக்கப் போனேன், அதற்குள் அவருடைய இடது கை தானாகப் போய் அதன் மேல் படுத்துக்கொண்டது. தூக்காத கைதான். அழுத்திக்கொண்டு கிடக்க அதற்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் தூசி என்று சொல்லிக்கொண்டேன். வட்டமாக வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. போல்ட்டை அவரே முடுக்கி, கிரீஸ் தடவினார். நான் சாவியைத் திருப்பினேன். பாதிச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"தபார்றா!" என்று யாரோ விசில் அடித்தார்கள்.

கடலோர ரோட்டில் அவருக்குக் கோபமோ என்று பார்த்தேன். மடியில் கிடந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதானத்து வாசலில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டி. ஒவ்வொருவரும் அவரவர் வண்டியை முந்தானையால் துடைக்காத குறை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எங்கள் முறை வந்தது. எஞ்சினை நிறுத்தினேன். வாசலைக் கவனித்துக்கொண்டிருந்தவர் இவர் கையைப் பார்த்துவிட்டு, "அக்காவே ஓட்டிகினு வரட்டும், அண்ணனுக்காகப் பரவால்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் 'பரவால்ல' எனக்கு ஆகவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். சுற்றிப் போய் இவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"அந்தாண்ட நவுந்து ஸ்டியரிங்குக்குப் போங்க."

"இன்னா வெளையாடுறியா? கியரு யாரு போடுவா?"

"கால் ரெண்டும் நல்லாத்தான கீது? கிளச்ச மிதிங்க. வலது கையால ஸ்டியரிங்கப் புடிங்க. கியரு என் பக்கம்தான் நீட்டிகினு கீது. நான் போடுறேன்."

ஒரே நீள சீட்டில் நகர அவருக்கு வெகு நேரம் ஆனது. நான் இடது பக்கம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தேன். சாவியை அவரே திருப்பினார். எஞ்சின் உடனே எழுந்தது. "ஒண்ணு" என்றார். போட்டேன். வண்டி குலுங்கி நகர்ந்தது. "ரெண்டு." கிளச் இறங்கிய அதே நொடியில் என் கை இறங்கியது, கம்பி சத்தமே போடவில்லை. மைதானத்துக்குள் மனிதர் நடக்கிற வேகம்தான். அங்கே நின்றவர்கள் முதலில் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்தார்கள், பிறகு கை தட்டினார்கள். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. "ரெண்டு" என்று சொன்ன குரலே போதும்.

மத்தியானம் ஒருவர் பானெட்டுக்குள் பார்த்துவிட்டு, அந்தச் சுரண்டிய இடத்தைத் தடவி, இங்கே மட்டும் கொஞ்சம் பெயிண்ட் வைத்து டச்சிங் செய்ய வேண்டும் என்றார். "அதத் தொடாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"குடுக்கப் போறதா கேள்விப்பட்டேனே?"

"குடுக்கலாம்தான். கியரு போட ஒரு ஆளையும் சேர்த்துக் குடுக்கணும். அவங்களக் குடுக்க முடியாது" என்றார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். திருக்கழுக்குன்றம் வந்ததும், கைப் பயிற்சிக்கு எந்தக் கிழமை போக வேண்டும் என்று கேட்டார். செவ்வாய் என்றேன்.