சேற்றில் சுழன்ற சக்கரம்

1. பொம்மசந்திராவில் மழை விட்ட மாலை, மண்சாலையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறக் காரை நிறுத்தியிருந்தேன்.
2. வலப்பக்கம் லாரி வந்துகொண்டிருந்தது. “அது போகட்டும்க்கா” என்றாள் பின்சீட்டிலிருந்த தங்கை.
3. “வழுக்கினா கார் பாத்துக்கும்டி” என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். கார் கம்பெனியில், சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலைச் சோதிப்பதுதான் என் வேலை.

அது சரியாகவே இயங்கியது. முன்சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுழன்றதும், வழுக்கலை அடக்க இன்ஜினின் சக்தியைக் குறைத்தது. லாரிக்குக் குறுக்கே கார் ஊர்ந்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் வரவில்லை. கண்ணாடியில், லாரி வெளிச்சத்தில் தங்கையின் முகம் வெளுத்துத் தெரிந்தது.

பிரேக் அலற, லாரி கை எட்டும் தூரத்தில் நின்றது.

“கார் எங்க பாத்துச்சு? லாரிக்காரர்தான் பாத்தாரு” என்றாள் தங்கை.

சக்கரத்தைப் பார்ப்பதுதான் காரின் வேலை. லாரியைப் பார்த்திருக்க வேண்டியவள் நான். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து தங்கை என் காரில் ஏறவில்லை.