ஹிடென்சே வெளிச்சவீடும் எதிர்க்கரையும்

பால்டிக் கடலில் இருக்கும் ஹிடென்சே தீவுக்கு நாங்கள் போனது 2005 ஜூனில். பருத்தித்துறையில் பிறந்த என் கணவருக்கு வெளிச்சவீடு என்றால் பைத்தியம். ஊருக்குப் போய் உங்கள் அக்காவைப் பாருங்கோ என்றால் மட்டும், "பிறகு பாப்பம்" என்பார். சண்டை நின்ற சமாதானக் காலம், ஊருக்குப் போகும் ஏ9 பாதை திறந்து மூன்று வருடம். அக்காவைக் கண்டு பத்தொன்பது வருடம். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

டோர்ட்மண்டிலிருந்து ஸ்ட்ரால்சுண்டுக்கு ரயிலில் ஏழரை மணி நேரம். அங்கே தங்கி, காலை ஒன்பதரைக் கப்பலில் ஏறினோம். இரண்டரை மணி நேரம். ஆளுக்குப் பதினெட்டு யூரோ. தீவில் கார் கிடையாது. குதிரை வண்டியில் போவோம் என்றேன். "இதெல்லாம் ஒரு தூரமே?" என்று இவர் முக்கால் மணி மேடேற வைத்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

கோபுரம் 1888இல் செங்கல்லால் கட்டியது. சுவர் வெடிக்கத் தொடங்கியதும் வெளியே கொங்கிரீட்டால் போர்த்திவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் இது எல்லைப் பகுதி. பொதுமக்கள் ஏற முடியாது. இதையெல்லாம் சொன்னவர் முன்பு அந்த விளக்கைப் பராமரித்தவர். கூட்டமில்லாததால் எங்களோடு நூற்றிரண்டு படியும் ஏறி வந்தார். வடக்கே வெள்ளைக் கோடாக டென்மார்க்கின் மோன் தீவு தெரிந்தது.

"வேலை செய்த காலம் முழுக்க அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார் ஜெர்மனில். "களவாய் அங்க போக வெளிக்கிட்டுக் கடலில செத்தவையும் இருக்கினம்."

1986இல் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்த எங்கள் கதையை இவர் சொன்னார். அவர்களுடைய சனம் தாண்ட முடியாத எல்லையை நாங்கள் அரை மணியில் தாண்டியிருந்தோம். அந்த விளக்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இப்ப அங்க போய் வந்திருப்பியள்தானே?" என்று இவர் கேட்டார்.

"இல்லை. பெர்லின் மதில் விழுந்த அடுத்த கோடையில மனுசி ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தவ. அண்டைக்கு எனக்கு ஏதோ வேலை. இனி எப்பவும் போகலாம்தானே எண்டு விட்டிட்டன். அவ செத்து ஆறு வருசம்."

திரும்பி வரும் கப்பலில் இவராகவே கேட்டார். "டிசம்பருக்கு ஊருக்கு டிக்கெட் போடுமப்பா."

போக நினைப்பவர்களுக்கு: காற்று கடுமையென்றால் கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள். கடைசிக் கப்பலின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போனோம். அக்காவுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. "ஆரைத் தேடுறியள்?" என்று வாசல் படலையில் நின்று கேட்டா. பிறகு பத்து நாளும் இவர் அவவின் குசினி அடுப்படியை விட்டு அசையவில்லை. அடுத்த ஆகஸ்டில் சண்டை திரும்பத் தொடங்கி ஏ9 பாதையை மூடினார்கள். 2007 முடியப் போகிறது, இன்னும் திறக்கவில்லை. தொலைபேசியில் இருவரும் அந்தப் பத்து நாளைத்தான் திரும்பத் திரும்பக் கதைக்கிறார்கள்.