ஓமா ஸ்டிடமின் நாலாவது சரணம்

ஓமா ஸ்டிடம் கட்டிய பாட்டை அமெரிக்காவில் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். அதைக் கட்டியவர் ஓமா என்று அறிந்தவர்கள் கிழக்குக் கென்டக்கியில் இருக்கும் எங்கள் பள்ளத்தாக்கைத் தாண்டினால் அதிகம் இல்லை. பள்ளத்தாக்குக்குள்ளும் சிலர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பனி உருகி முடியாத ஒரு மார்ச் மாதக் காலையில் வில்லோ ஃபோர்க் சுரங்கம் வெடித்தது. ஓமாவின் கணவர் எஸ்டில் உட்பட அந்த ஷிப்டில் இறங்கிய யாரும் உயிரோடு வெளியே வரவில்லை. நிலக்கரித் தூசி வெடிமருந்துக்குச் சமம். அது பற்றிப் பரவாமல் இருக்க, சுரங்கத்தின் சுவரிலும் கூரையிலும் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவ வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வில்லோ ஃபோர்க்கிலோ தூள் மூட்டைகள் வாசலில் மழையில் நனைந்து கட்டிதட்டிக் கிடந்தன. தூவுவதற்கு ஆட்களை அனுப்பினால் அன்றைக்கு வெட்டும் கரி குறையும். காரணம் அவ்வளவுதான்.

அடக்கத்தின்போது போதகர் ஃபுகேட், ஆண்டவர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டார், அவருடைய சித்தத்தைக் கேள்வி கேட்க நாம் யார் என்றார். கணவனை இழந்த இன்னொருவரான டெல்ஃபி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓமா அவர் காதோரம் குனிந்தார்.

"ஆண்டவர் அழைச்சாராம். மூட்டையைப் பிரிக்க வேணாம்னு சொன்னதும் அவர்தானான்னு கேளேன்."

டெல்ஃபிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பலர் பார்த்தார்கள். நெடுநாள் பேசினார்கள்.

ஓமா அப்போது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஈரப் போர்வைகளை உதறி மடித்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கட்டினார். முதல் சரணத்தில் கணவன் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு போகிறான். இரண்டாவதில் சங்கு ஊதுகிறது. மூன்றாவதில் பெண்கள் சுரங்க வாசலில் நிற்கிறார்கள். நாலாவது இது:

கடவுள் தூவ மறந்த தூளா?
கம்பெனி தூவ மறந்த தூள்.
மூட்டை எல்லாம் வாசலில் கிடக்க
எங்கள் ஆட்கள் உள்ளே போனார்.

அடுத்த கோடையில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு பாட்டுச் சேகரிக்க வந்தார். ஓமா பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மடியில் வைத்து நாலு சரணத்தையும் பாடினார். இது யார் கட்டிய பாட்டு என்று பேராசிரியர் கேட்டார். "பழைய பாட்டுதான், காதுல விழுந்தது" என்றார் ஓமா.

எங்கள் மலையில் அப்படித்தான் சொல்வோம். நானே கட்டினேன் என்பது தற்பெருமை. அதுவும் ஒரு பெண் சொன்னால் ஊரே முகம் சுளிக்கும். அடக்கம் நல்ல குணம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அதனால் யாருக்கு லாபம் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒலிநாடா நியூயார்க் போனது. அங்கே தேன்குரல் கொண்ட ஒரு பாடகி அந்தப் பாட்டை இசைத்தட்டாகப் பாடினார். உறைமேல் 'மலைநாட்டுப் பழம்பாடல்' என்று அச்சிட்டார்கள். சரணங்கள் மூன்று. நாலாவது சரணம், பாட்டின் சோகத்தைக் கெடுக்கிறதாம், ஏதோ கட்சித் துண்டறிக்கை மாதிரி இருக்கிறதாம். ஓமா ஒரு வக்கீலிடம் போனார். வக்கீல் பேராசிரியரிடமிருந்து நாடாவின் நகலை வரவழைத்துக் கேட்டுவிட்டு, பழைய பாட்டு என்று உங்கள் குரலே சொல்கிறதே அம்மா, நான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார்.

அதன் பிறகுதான் ஓமா மேடை ஏறினார். நாலாவது சரணத்தை மீட்க வேண்டும் என்றால் தானே ஊர் ஊராகப் போய்ப் பாடுவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. வேலைநிறுத்தப் பந்தல்கள், கல்லூரி மைதானங்கள், கோடைக்காலத் திருவிழாக்கள். வேறு பாடல்களும் நிறையக் கட்டினார். கரித்தூசியில் நுரையீரல் கருத்துச் செத்தவர்களைப் பற்றி, அம்மோனியா வாடைவீசும் சலவைக்கூடத்தைப் பற்றி, கரிக்காக மலையின் தலையைச் சீவி ஆற்றில் தள்ளியதைப் பற்றி. யாரும் அவற்றைக் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் அந்த ஒன்றையே கேட்டார்கள். முன்வரிசைத் தாடிக்கார மாணவர்கள் மூன்று சரணமும் கூடவே பாடுவார்கள், நாலாவது வந்ததும் விழிப்பார்கள். மேடையைவிட்டு இறங்கியதும் யாராவது ஒருவர் வந்து, அந்தக் கடைசிச் சரணம் மூலப் பாட்டில் கிடையாது, தெரியுமா என்று அன்பாகத் திருத்துவார். நான்தான் கட்டினேன் என்று ஓமா சொன்னால், வயதானவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுப் போவார்.

வருடங்கள் போயின. மலிவு விடுதிகளின் மெத்தையில் இடுப்பு போயிற்று. விரல் மூட்டுகள் வீங்கின. குரல் நடுவில் உடைந்தது.

"புருஷன் செத்ததைத் தினம் ஒருவாட்டி பாடித்தான் சோறு திங்கறேன்" என்று ஒருமுறை டெல்ஃபியிடம் சொன்னார். "அவனுக்கே சலிச்சிருக்கும்."

எழுபது வயது தாண்டியதும் ஊரோடு தங்கிவிட்டார். பீன்ஸும் சோளரொட்டியும் சமைத்தார், ரேடியோ கேட்டார். அப்போதுதான் கம்பெனி வில்லோ ஃபோர்க்கில் நினைவுக்கல் வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. பக்கத்து மலையை வெட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். ஊரின் மனம் குளிர வேண்டியிருந்தது. கல்லில் செத்தவர்கள் பெயருக்குக் கீழே 'ஆண்டவரின் சித்தம்' என்று பொறித்திருந்தார்கள். திறப்பு விழாவில் ஓமா பாட வேண்டும் என்று கேட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். இசைத்தட்டில் இருக்கிறபடி மூன்று சரணம் போதும் என்றார்.

ஓமா சரி என்றார். சலவைக்கூடத்தில் அந்தப் பாட்டைக் கட்டிய நாளிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த நாலு வரியும் அந்த வாசலில், அந்த மனிதர்கள் செத்த இடத்தில், ஒருதரமாவது ஒலிக்க வேண்டும். கம்பெனி இதுவரை யாரையும் அங்கே பாட விட்டதில்லை.

விழாவுக்கு வண்டியில் அழைத்துப் போனவன் அவருடைய அண்ணன் மகன் லோனி. அவனும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தான். பாதி வழியில் பேச்செடுத்தான்.

"அத்தை, மூணோட நிறுத்திக்கயேன். நான் அவங்ககிட்டதான் சம்பளம் வாங்கறேன்."

"உன் மாமாவும் அவங்ககிட்டதான் வாங்கினார்."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

ஓமா மடியிலிருந்த பாஞ்சோவுக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

சுரங்க வாசலைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. கம்பெனி அதிகாரி பேசினார், போதகர் ஃபுகேட்டின் மகன் ஜெபம் செய்தார். அப்பாவிடமிருந்து அவருக்குத் தேவாலயமும் வந்தது, அதே பிரசங்கமும் வந்தது. ஓமா ஒலிவாங்கி முன் நின்று முதல் வரியைத் தொடங்கினார். குரல் கிழிந்தது. மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது.

பாஞ்சோவை நாற்காலியில் சாய்த்துவிட்டு, கூட்டத்தை நெருங்கிப் போனார்.

எங்கள் தேவாலயங்களில் வாத்தியம் கிடையாது. ஒருவர் வரியைச் சட்டென்று எடுத்துக்கொடுப்பார், கூட்டம் அதை இழுத்து நீட்டிப் பாடும். கொடுத்த வரியைப் பாடியே ஆக வேண்டும். குழந்தையிலிருந்து பழகிய வாய், மூளையைக் கேட்காமலே திறந்துவிடும். எடுத்துக்கொடுப்பது ஆண்களின் வேலை. பெண்கள் அதைச் செய்ததே இல்லை.

ஓமா எடுத்துக்கொடுத்தார். பாடுவதற்குத்தான் குரல் இல்லை, சொல்வதற்கு இருந்தது. சாப்பாட்டு வாளி என்றார், கூட்டம் பாடியது. சங்கு என்றார், பாடியது. பெண்கள் என்றதும், வெடிப்பு நாளில் அங்கே நின்றிருந்த கிழவிகள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். மலை அதை வாங்கித் திருப்பியது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு, கைதட்டத் தயாரானார்.

"கடவுள் தூவ மறந்த தூளா?" என்றார் ஓமா.

பழக்கதோஷத்தில் எல்லோரும் பாடிவிட்டார்கள். போதகரின் மகனும் பாடினார். பாடி முடிக்கும்போதுதான் என்ன பாடினோம் என்று புரிந்தது.

"கம்பெனி தூவ மறந்த தூள்."

ஆட்கள் ஷூவைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், அதிகாரியைப் பார்த்தார்கள். டெல்ஃபிதான் முதலில் வாயைத் திறந்தார். சுருதியே சேராத கட்டைக் குரல். பிறகு இன்னொரு கிழவி. பிறகு பின்வரிசையில் ஆக்சிஜன் குழாய் மாட்டிய இரண்டு பழைய சுரங்கத் தொழிலாளிகள், மூச்சு வாங்க வாங்க. கம்பெனித் தொப்பி போட்ட இளைஞர்கள் யாரும் பாடவில்லை. லோனி வண்டிப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். கடைசி இரண்டு வரியும் அப்படியே, கூட்டத்தில் பாதிக்கும் குறைவானவர்களின் வாயில் முடிந்தன.

யாரும் கைதட்டவில்லை. கல் அப்படியே நின்றது, ஆண்டவரின் சித்தத்தோடு. மலையை வெட்டும் அனுமதியும் அந்த இலையுதிர் காலத்துக்குள் கிடைத்துவிட்டது. ஓமா அதற்குப் பிறகு எங்கும் பாடவில்லை.

அன்று திரும்பும் வழியில் லோனி சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நான் பாடலேன்னு கோபமா, அத்தை?"

"பாடினவங்க எல்லாம் வேலை போனவங்க, இல்லேன்னா புருஷன் போனவங்க. உனக்கு ரெண்டும் இன்னும் ஆகல. உன்னைக் கோவிச்சு என்னத்துக்கு?"

"அப்புறம் ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

"களைப்பா இருக்குடா. ஜன்னலை ஏத்திவிடு, குளிருது."