கேஷுவல்ட்டிக்கு டை கட்டிக்கிட்டுப் போன கதை

போன லீவுல நான் பாத்த வேலையைச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. இங்க சிங்கப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரி கேஷுவல்ட்டியில, அதான் அவசரப் பிரிவுல, நின்னுக்கிட்டு டாக்டருங்க வேலை செய்யறதைப் பாக்கணும். அவ்ளோதான் லா. எங்க யூனிவர்சிட்டி புரொபசர் ஒரு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாரு. கேஷுவல்ட்டிக்கு எத்தனை டாக்டர் வேணும், வர்ற டாக்டருங்க ஏன் அங்கயே தங்க மாட்டேங்கிறாங்க, இதான் விஷயம். அவரு ஏர்கான் ரூம்ல உக்காந்து யோசிப்பாரு, நான் போய் கால் கடுக்க நிக்கணும்.

அங்க இருந்த டாக்டருங்கள்ல ஒரு அக்கா எங்க சர்ச் கொயர்ல பாடுறவங்க, சின்ன வயசுலேர்ந்து பழக்கம். மத்தவங்க எல்லாம் ஆறு மாச போஸ்டிங். சர்ஜரிக்கோ வேற எங்கயோ போறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நின்னுட்டுப் போறவங்க. இங்கயே இருந்துடுவீங்களான்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன், நான் ஏதோ சாபம் விட்ட மாதிரி பாத்தாரு. அக்கா மட்டும்தான் இங்கயே இருக்க ஆசைன்னாங்க. மண்டை ஒடைஞ்சவரும் வருவாரு, தொண்டையில மீன் முள்ளு சிக்கினவரும் வருவாரு, அடுத்து யாருன்னே தெரியாது, அதான் புடிச்சிருக்காம். ஆனா கேஷுவல்ட்டியில நிரந்தர போஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. ஒண்ணு போடலாமான்னு பெரிய ஆளுங்க மீட்டிங் போடப் போறாங்க, எங்க புரொபசர் ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் முடிவு. போடலைன்னா அக்காவைக் கண்ணு டிபார்ட்மெண்டுக்கு மாத்திடுவாங்க.

இவ்ளோ பெரிய மேட்டர்னா நான் சும்மா போவேனா? அப்பாவோட டை, முழுக்கை வெள்ளைச் சட்டை, கையில கிளிப்போர்டு, கழுத்துல ஸ்டாப்வாட்ச். பேஷன்ட் உள்ள போனா ஒரு அமுக்கு, வெளிய வந்தா ஒரு அமுக்கு.

சும்மா சொல்லக்கூடாது, பறந்தாங்க. ஒருத்தரும் கோப்பி குடிக்கக்கூடப் போகலை. மண்டே ஆனா ஃபேக்டரி ஆளுங்களும் ஆர்மி பசங்களும் எம்.சி. வாங்க வந்து குமிவாங்க. வேலைக்கு மட்டம் போட டாக்டர் சீட்டு வேணும்ல. அந்தக் கும்பலே மத்தியானத்துக்குள்ள காணாமப் போச்சு. தரை தொடைக்கிற ஆன்ட்டி ஒரே எடத்தையே திரும்பத் திரும்பத் தொடைச்சாங்க. சூப்பர் டிபார்ட்மெண்ட்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

வாரக் கடைசியில கேன்டீன்ல அக்கா மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோட வந்து என் எதிர்ல உக்காந்தாங்க. சாப்பிடலை, என் டையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"உன்ன இங்க யாருன்னு நெனைச்சிட்டு இருக்காங்க தெரியுமா?"

"ஸ்டூடண்ட்தான், வேற யாரு?"

"மினிஸ்ட்ரி ஆளுன்னு. நீ வந்தா ஓடுறாங்க, நீ போனதும் காலை நீட்டி விழுந்துடுறாங்க. இந்தக் கணக்கைக் கொண்டு போய்க் குடு, இருக்குற ஆளே தாராளம்னு முடிச்சிடுவாங்க. நான் கண்ணு பாக்கப் போறேன்."

நான் விடலை. எடுத்த கணக்கு எடுத்ததுதான், அதை எப்படி மாத்துறதுன்னு லெக்சர் அடிச்சேன்.

"டையக் கழட்டுடா எருமை"ன்னாங்க. அப்புறம்தான் சாப்பிட ஆரம்பிச்சாங்க.

சாயங்காலம் தோ பாயோவுல எங்க வீட்டு பிளாக்குக்குக் கீழ இருந்த பப்ளிக் போன்லேர்ந்து புரொபசருக்கு அடிச்சேன். திட்டுவாருன்னு நெனைச்சேன், மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு வாரம் இருக்கு, மறுபடி எடு, இந்தத் தடவை யார் கண்ணுலயும் படாதேன்னாரு.

அடுத்த மண்டே டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, ஜாப்பனீஸ் ஸ்லிப்பர். பேஷன்ட் பெஞ்சுல போய் உக்காந்துட்டேன், ஸ்டாப்வாட்ச் பாக்கெட்டுக்குள்ள. பக்கத்துல ஷிப்யார்டுல வேலை செய்யற ஒரு அண்ணன்.

"எம்.சி.யா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன்.

"காய்ச்சல்னு மட்டும் சொல்லாதே லா, தெர்மாமீட்டர் காட்டிக் குடுத்துடும். வயித்து வலின்னு சொல்லு. வயித்துக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?"

அன்னைக்குத்தான் நெஜ கேஷுவல்ட்டியைப் பாத்தேன். ஆம்புலன்ஸ் ஒண்ணு வந்துச்சு, எல்லா டாக்டரும் உள்ள போயிட்டாங்க, பெஞ்சு கியூ அப்படியே நின்னு போச்சு. கொழந்தைங்க அழுவுது, யாரோ ஹாக்கியன் சீனத்துல திட்டுறாங்க, அண்ணன் கொட்டாவி விடுறாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அக்கா மட்டும் வெளிய வந்தாங்க. நம்பர் கூப்பிடலை. பெஞ்சு ஓரமா மெதுவா நடந்து ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டே வந்தாங்க. என்கிட்ட வந்ததும் நின்னாங்க.

"உங்களுக்கு என்ன?"

"வயித்து வலி, டாக்டர்."

"எம்.சி. கெடையாது."

அண்ணன் என்னைப் பரிதாபமாப் பாத்தாரு. அக்கா அதுக்குள்ள பின் வரிசைக்குப் போயிட்டாங்க. தாடையைப் புடிச்சுக்கிட்டு வயசான அம்மா ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க. பல்லு வலின்னு வந்தவங்க, சத்தமே போடலை, ஆனா நெத்தியெல்லாம் வேர்வை. அக்கா குனிஞ்சு ரெண்டு கேள்வி கேட்டாங்க, சக்கர நாற்காலி வரச்சொல்லி அப்படியே உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. கியூவுல ஒரே முணுமுணுப்பு. காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன், இப்ப வந்தவங்க முன்னாடி போறாங்களேன்னு அண்ணனுக்குக் கோவம். அது பல்லு இல்லை, ஹார்ட் அட்டாக், வலி தாடைக்கு ஏறியிருக்குன்னும், மேல வார்டுல சேத்தாச்சுன்னும் சிஸ்டர் வந்து சொன்னப்புறம்தான் அவரு வாயை மூடுனாரு.

கியூ நின்னா அக்கா இப்படி ஒரு நடை நடப்பாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. யாரும் செய்யச் சொன்னது கெடையாது. ஆறு மாசத்துல போற ஆளுங்களுக்கு இது புடிபடுறதுக்குள்ள போஸ்டிங் முடிஞ்சிடும். நான் டை கட்டுன வாரத்துல கியூவே நிக்கலை, அதனால இது என் கண்ணுலயே படலை.

புரொபசர் ரெண்டு வாரக் கணக்கையும் பக்கம் பக்கமாப் போட்டாரு, டை வாரம், ஸ்லிப்பர் வாரம்னு. பெஞ்சு நடையைத் தனியா ஒரு பக்கத்துக்கு என்னையே எழுதச் சொன்னாரு.

மீட்டிங்குல ஒரே ஒரு போஸ்ட்தான் குடுத்தாங்க, அதுவும் ஒரு வருஷத்துக்கு, சோதனைக்காம். அது அக்காவுக்குத்தான், அவங்களுக்கு அது போதும்.

அந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வெளிய வந்தா, கொயர் ஆன்ட்டி ஒருத்தங்க அக்காவைப் புடிச்சுக்கிட்டாங்க. அடுத்து எந்த டிபார்ட்மெண்ட்னு கேட்டாங்க. கேஷுவல்ட்டியேதான்னு அக்கா சொன்னதும் ஆன்ட்டி மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"ஏம்மா, பரீட்சை ஏதும் போயிருச்சா?"

"இல்லைங்க ஆன்ட்டி, கேட்டு வாங்கினேன்"னு சொல்லிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு அக்கா பஸ்ஸைப் புடிக்க ஓடுனாங்க.