ஆறரை நிமிடமும் இரண்டு பள்ளமும்

அரங்கத்தின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. ஒரு நீள மேஜை, நான்கு இரும்பு அலமாரி, மேடையில் நடக்கும் ஒத்திகையைக் கேட்கச் சுவரில் ஓர் ஒலிபெருக்கி. அங்கே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து எழுதிய பெண்ணை வாத்தியக் குழுவில் எல்லோரும் மையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய நடுவிரலில் மைக்கறை ஒருநாளும் போனதில்லை. இசையமைத்தவர் எல்லா வாத்தியங்களையும் ஒரே தாளில் அடுக்கி எழுதித் தருவார். அதிலிருந்து வயலினுக்கு உரியதை வயலினுக்கு, செல்லோவுக்கு உரியதைச் செல்லோவுக்கு என்று பிரித்து எழுதித் தருவது அவள் வேலை.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. தந்தி வாத்தியங்கள் அத்தனைக்கும் பக்கம் ஒரே இடத்தில்தான் முடியும். "மூணாம் பக்கம், ரெண்டாவது வரி" என்று குழுவை நடத்தும் கண்டக்டர் சொன்னால் நாற்பத்தெட்டுப் பேரும் டக்கென்று அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். "இந்த மாதிரி வேற எந்த ஊர்ல எழுதறாங்க, சொல்லுங்க பாப்போம்?" என்று டீ கொண்டு வருகிறவரிடம்கூடக் கேட்பாள்.

அந்தக் கர்வம்தான் அவளுடைய தம்பியின் தலையில் கல்லைப் போட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தம்பி அதே குழுவில் வயோலா, அதாவது வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம், வாசிப்பவன். கடைசி வரிசை. அவர்களுடைய அப்பா ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். அங்கே ஒரே மோட்டார், கூரையோடு ஓடும் ஒரே நீளத் தண்டு, அதிலிருந்து தொங்கும் பதினோரு பெல்ட்டு. காலையில் மோட்டாரைப் போட்டதும் தண்டு உறுமத் தொடங்கும். ஒவ்வொரு இயந்திரமாக அதைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். தம்பி நான்கு வருடம் உட்கார்ந்து அதை ஆறரை நிமிட இசையாக எழுதினான். 'பட்டறை திறக்கும் நேரம்' என்று பெயர் வைத்தான். தந்தி வாத்தியங்கள்தான் அந்தத் தண்டு. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை அவை நிற்கவே கூடாது.

மையக்கா அதை உயிரைக் கொடுத்து எழுதினாள். அரங்கேற்றம் வந்தது. ஒத்திகைக்கு நேரம் இல்லாமல் துண்டு துண்டாகத்தான் வாசித்துப் பார்த்திருந்தார்கள். முழுதாக வாசித்தது மேடையில்தான். இரண்டாவது நிமிடத்தில் ஒலி திடீரென்று இளைத்தது. நான்காவது நிமிடத்தில், எல்லாம் பொங்கி வர வேண்டிய இடத்தில், மறுபடியும் இளைத்தது. "ஆறரை நிமிடத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கிய படைப்பு" என்று பத்திரிகையில் எழுதினார்கள். கண்டக்டரும் முதுகைத் தட்டி, "நல்ல முயற்சிப்பா, கட்டமைப்புதான் கொஞ்சம் வீக்" என்றார். தம்பி தான் எழுதிய தாள்களைக் கட்டிப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டான். அதோடு பேனாவைத் தொடவில்லை. வாசிக்க வருவான், வாசிப்பான், போவான். சிரிப்புகூட அளந்துதான் வரும்.

இரண்டு வருடம் ஓடியது. ஒருநாள் அடித்தள ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. மையக்கா ஒத்திகை கேட்க முதல்முறையாக மேல்மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். அடேயப்பா, மேலிருந்து பார்த்தால் குழு எப்படித் தெரிகிறது! அன்று வாசித்தது வெளியூரிலிருந்து அச்சாகி வந்த வேறொரு படைப்பு. தாள் வைக்க இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. பக்கம் திருப்புவது உள்பக்கம் இருப்பவர் வேலை. ஓர் இடத்தில் வயலின்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்பினார்கள். வரிசையில் பாதிப் பேரின் வில் இறங்கியது. அதே நொடியில் ஒலியும் பாதியாக இளைத்தது.

மையக்காவுக்குத் தம்பியின் படைப்பு ஞாபகம் வந்தது. வழக்கமாக வாத்தியம் சும்மா இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் அவள் பக்கத்தை முடிப்பாள். தம்பியின் படைப்பில் சும்மா இருக்கும் இடமே கிடையாது. அதனால் ஐந்து பக்கத்துக்கு நடுவே வரும் இரண்டு திருப்பலையும் தாள் நிறைந்த இடத்திலேயே விட்டிருந்தாள். வயலின், வயோலா, செல்லோ, எல்லாருக்கும் ஒரே இடத்தில்!

"அடிப்பாவி, அந்தப் பள்ளத்தைத் தோண்டினவ நான்தான்" என்று வாய்விட்டே சொன்னாள்.

வீட்டில் கணவரிடம் அழுதாள். அவர் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல அழ என்ன இருக்கு? எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்துல டிப்போவுக்குப் போனா ரோட்டுல ஜனம் நிக்கத்தான் செய்யும். ஒண்ணொண்ணா அனுப்பு" என்றார்.

மறுநாள் காலை தம்பியின் படைப்புக்கு எழுதிய பழைய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கண்டக்டர் அறைக்குப் போனாள்.

"அது முடிஞ்சுபோன கதைம்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

"அன்னிக்கிப் பதிவு பண்ணது இருக்கில்ல சார்? போடுங்க. ஆறரை நிமிஷம்தானே, நான் ஒண்ணும் உங்க சொத்தைக் கேக்கல."

பதிவு ஓடியது. மையக்கா தாளை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். "இப்பத் திருப்பறேன்" என்று பக்கத்தைத் திருப்பினாள். ஒலி இளைத்தது. கண்டக்டர் நிமிர்ந்தார். "இப்ப மறுபடியும்" என்று திருப்பினாள். பொங்கி வந்த ஒலி சொல்லிவைத்தது போலப் பாதியாக விழுந்தது.

"இன்னொரு தடவை போடறேன், திருப்புங்க" என்றார் கண்டக்டர். திருப்பினாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நானே முதுகைத் தட்டி வீக்னு சொன்னேனே!"

அந்த வருடத்தின் கடைசி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. இருபத்துநான்கு ஸ்டாண்டுக்கும் இருபத்துநான்கு விதமாக எழுத வேண்டும். எந்த இரண்டு ஸ்டாண்டும் ஒரே நேரத்தில் திரும்பக் கூடாது. டைம்கீப்பர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கட்டம் போட்ட தாளில் பேருந்து அட்டவணை போடுவது போலவே போட்டுக் கொடுத்தார். மையக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதினாள்.

விஷயம் அறிவிப்புப் பலகையில் வந்ததும் தம்பி படபடவென்று படியிறங்கி வந்தான்.

"யாரைக் கேட்டு எடுத்துக் குடுத்தே? ஒரு தடவை மானம் போனது போதாதாக்கா?"

"போனது உன்னால இல்லடா. அந்தப் பள்ளம் உன் பாட்டுல இல்ல, என் தாள்ல இருந்துச்சு." நடந்ததைச் சொன்னாள். "என்னை நாலு வார்த்தை திட்டிடு. மனசுல வெச்சுக்காதே."

அவன் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு வருஷமா எனக்குத் துப்பில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா" என்றான். "அந்த நாலாவது நிமிஷத்துல பக்கம் திருப்பினது நான்தான். வயோலாவை இறக்கி வெச்சிட்டுத் திருப்பிட்டிருந்தேன். என் பாட்டோட உச்சியில நானே வாசிக்கல."

மையக்கா இதை மட்டும் யோசித்திருக்கவில்லை. அவன் போனதும் அவனுடைய ஸ்டாண்டுக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். பொடி எழுத்தில், ஐந்து பக்கத்தையும் பக்கவாட்டில் ஒட்டி, பாய் மாதிரி விரிகிற ஒரே தாளாக. இரண்டு ஸ்டாண்டைச் சேர்த்துப் போட்டால்தான் நிற்கும்.

ஒத்திகையில் ஒரே களேபரம். கண்டக்டர் பழைய ஞாபகத்தில் "மூணாம் பக்கம்" என்றார். "எந்த மூணாம் பக்கம் சார்? ஆளுக்கு ஒரு மூணாம் பக்கம் இருக்கு!" என்று செல்லோக்காரர் கத்தினார். இருபத்திரண்டு வருடக் கர்வம் அங்கேயே காற்றில் பறந்தது. மையக்கா அதைச் சட்டை செய்யவில்லை. இசையின் கட்டத்துக்குக் கட்டம் எல்லாத் தாளிலும் ஒரே எண் போட்டுத்தான் வைத்திருந்தாள்.

நிகழ்ச்சியன்று டைம்கீப்பரோடு மேல்மாடியில் உட்கார்ந்தாள். கீழே தண்டு உறுமத் தொடங்கியது. இரண்டாவது நிமிடம். முதல் வரிசையில் ஒரு கை பக்கத்தைத் திருப்பியது, பிறகு பின்வரிசையில் ஒன்று, அந்தப் பக்கம் செல்லோவில் ஒன்று. ஒலி அசையவில்லை. "கரெக்ட் டைமிங்" என்று டைம்கீப்பர் முணுமுணுத்தார். நான்காவது நிமிடம் வந்தது. பதினோரு பெல்ட்டும் ஏறிவிட்டன. முரசும் எக்காளமும் சேர்ந்து அரங்கம் அதிர்ந்தபோது, கடைசி வரிசையில் அந்த நீளத் தாளுக்கு முன்னால் தம்பி கண்ணை மூடிக்கொண்டு, தோள் குலுங்க வாசித்துக்கொண்டிருந்தான். ஒலி விழவில்லை. ஏறிக்கொண்டே போனது. மையக்கா கணவர் கையைப் பிடித்த பிடியில் அவர் வளைந்தே போனார்.

முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஆறரை நிமிஷம்தான். இன்னொரு தடவை கேக்கறீங்களா?" என்றார். கேட்டார்கள்! முழுவதையும் மறுபடி வாசித்தார்கள். இரண்டாவது முறை முடிந்ததும் கண்டக்டர் தம்பியை எழுப்பி நிறுத்தினார். அவன் வணங்கவில்லை. தன் நீளத் தாளை உருவி, மேல்மாடியைப் பார்த்து இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினான். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மையக்கா முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள், அத்தனை சந்தோஷம்.

அடுத்த வருடத்துக்குள் ஒன்பது குழுக்கள் அந்தப் படைப்பைக் கேட்டு வாங்கின. போன ஒவ்வொரு பெட்டியிலும் "ஸ்டாண்டு எண்படி வைக்கவும், கலைத்தால் நான் பொறுப்பில்லை" என்று மையக்கா கைப்பட எழுதிய சீட்டும் போனது.

ஒருநாள் மத்தியானம் தம்பி அடித்தளத்துக்கு வந்து மேஜைமேல் ஒரு தடிமனான கட்டைப் பொத்தென்று போட்டான். மேலே தேதி போட்டிருந்தது. மை இன்னும் காயவில்லை. மையக்கா புரட்டினாள்.

"எவ்வளவு நேரம்டா?"

"இருபது நிமிஷம்க்கா."

"வயலின் எங்கெல்லாம் சும்மா இருக்கு?"

"எங்கயும் இல்ல."

"நாசமாப் போறவனே, உக்காரு" என்று பேனாவை எடுத்தாள் மையக்கா. "உங்க மாமாவை லீவு போடச் சொல்லு, அட்டவணை போடணும்."